தட்டில் மிஞ்சிய பாதிச் சோறு

என் கையெழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது வரைதான் படித்தேன்.

சித்தூர் அருகே நானும் மனைவியும் பைக்கிலிருந்து விழுந்தோம். இருவருக்கும் தலையில் அடி; என் கையும் முறிந்தது. தலையில் ரத்தம் வராததால், எலும்புக்குக் கட்டுப் போடும் புத்தூரில் என் கைக்கு மட்டும் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டோம்.

அதன்பின் என் தட்டில் இடப்பக்கச் சோறு மிஞ்சியது.

"இன்னாயா, பாதிய யாருக்கு வச்சிக்கினு கீற?" என்று மனைவி சிரித்தாள்.

எனக்குத் தட்டு காலியாகத்தான் தெரிந்தது. ரேணிகுண்டாவில் இடப்பக்கம் வந்த பஸ்ஸும் தெரியவில்லை. அவள்தான் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு, மூளையிலதான் அடி, அதான் இடப்பக்கம் இருக்கறது உனக்குத் தெரியல," என்றார் திருப்பதி டாக்டர். "உனக்கும் தலையில அடிதானே, நீயும் காட்டிக்கம்மா."

"நான் நல்லாத்தான் கீறேன் சார்," என்றாள்.

இப்போது தலையை இடப்பக்கம் திருப்பிப் பார்த்தே நடக்கிறேன். அவள் சாப்பிட்டதும் அவள் தட்டையும் பார்க்கிறேன். இன்று ஒரு பக்கச் சோறு அப்படியே இருந்தது. நாளை அவளைத் திருப்பதிக்குக் கூட்டிப் போகிறேன்.

ஆடி பத்தொன்பது, ஞாயிறு.