தொட்டியில் பதியாத தீனி

ரப்பர் பூட்ஸைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு பண்ணைச் சாலையில் அரைமணி நேரம் நடந்திருப்பேன். பின்னால் வந்த பிக்கப் வண்டி பக்கத்தில் நின்றது. என்னைப் பண்ணை வேலையில் சேர்த்துவிட்ட அண்ணை கண்ணாடியை இறக்கினார்.

"ஏறு. டொரொன்டோ வரைக்கும் நடக்கப் போறியோ?"

ஏறினேன்.

நான் வேலை செய்த பண்ணை பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம். குறைவாகத் தின்று கூடுதலாக எடை போடும் இறைச்சி மாடுகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மாட்டின் காதிலும் ஒரு தகடு. தொட்டிக்குள் தலையை விட்டால் அது எவ்வளவு தின்றது என்று கணினி பதிந்துகொள்ளும். தேறியவை இனவிருத்திக்கு, மற்றவை இறைச்சிக்கு. எட்டாம் வகுப்போடு நின்ற எனக்குச் சாணம் அள்ளும் வேலை.

ஒரு சிவப்புக் கிடாரியை மற்றவை தொட்டிக்குக் கிட்ட விடுவதில்லை. வேலை முடிந்து போகும்போது அதற்கு ஒரு வாளியில் தீனி வைப்பேன். பசியோடு நிற்பதைப் பார்த்துக்கொண்டு கடந்துபோக எனக்கு வராது. பத்து வாரம் வைத்தேன்.

பரிசோதனை முடிந்த அன்று அதை நடத்திய பேராசிரியை பட்டியலோடு வந்தார். சிவப்புக் கிடாரிதான் முதலாவது. தொட்டிக் கணக்கில் அது தின்றது கொஞ்சம், ஏறிய எடை அதிகம். அதிலிருந்து ஒரு புது மாட்டு வம்சத்தையே தொடங்கலாம் என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் கண்டதில்லை.

நான் பேசாமல் இருந்தால் கிடாரி தப்பும், என் வேலையும் தப்பும். இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தேன். குறைவாகத் தின்னும் என்று அதன் கன்றுகளை நம்பி வாங்கப்போகிறவர்களின் தொழுவங்கள் நினைவில் வந்துகொண்டே இருந்தன. மூன்றாம் நாள் பேராசிரியையிடம் வாளியைப் பற்றிச் சொன்னேன். அவர் கத்தவில்லை. பேனாவை எடுத்துப் பட்டியலில் கிடாரியின் இலக்கத்தை வெட்டினார். பிறகு என்னைப் போகச் சொன்னார்.

"பத்து வாரம் களவாத் தீனி போட்டவன், கடைசி நாளில பெரிய நேர்மைக்காரன்," என்றார் அண்ணை, சாலையைப் பார்த்துப் பிக்கப்பை ஓட்டியபடி.

"மாட்டை என்ன செய்வினம்?"

"வெள்ளிக்கிழமை லொறி வரும். உன்ர செல்லம் நல்லாக் கொழுத்துத்தானே நிக்குது."

சிரித்தார். பிக்கரிங் ரயில் நிலையத்தில் என்னை இறக்கிவிட்டார்.

மறுநாள் காலை டொரொன்டோவில், மோர்னிங்சைட் பக்கம் ஒரு மரக்கறிக் கடையில் வேலைக்கு நின்றேன். கடைக்கார அன்ரி தராசைக் காட்டினார்.

"கூடவும் போடாதை தம்பி, குறையவும் போடாதை."

"ஓம் அன்ரி," என்று கத்தரிக்காய்களைத் தட்டில் வைத்து, தராசில் இலக்கம் ஓடி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.