சிங்கராயர் துறந்த மக்காச்சோளம்

கீழ்வேளூருக்குத் தெற்கே மூன்று ஏக்கரில் நெல் போடும் சிங்கராயரைப் பக்திமான் என்று சொல்ல எனக்கு இன்னும் தயக்கம் உண்டு. ஞாயிறு பூசைக்குப் போவார். பிரசங்கத்தின்போது வெளியே நின்று உர விலை பேசுவார். போன தவக்காலத்தில் மட்டும் அவருக்கு ஒரு பயம் வந்தது. மனைவி ஆரோக்கியத்துக்கு வலது கண்ணில் புரை எடுக்க நாள் குறித்திருந்தார்கள். இடது கண் சிறுவயதிலேயே நெல் அறுக்கும்போது கதிர்முனை பட்டுப் போய்விட்டது. இருப்பது அந்த ஒன்றுதான்.

விபூதிப் புதனன்று பீடத்தின் முன் முழங்காலிட்டு, அவள் கண் தெரிய வேண்டும், ஈஸ்டர் வரை ஒன்றை விட்டுவிடுகிறேன் என்று நேர்ந்துகொண்டார். எதை விடுவது? மீனை முடியாது. டீயை முடியாது. டீயில் தோய்க்கும் க்ரீம் பிஸ்கட்டை அறவே முடியாது. கடைசியில் மக்காச்சோளத்தை விட்டார். வாழ்நாளில் அதைப் பத்துத் தடவை தின்றிருக்க மாட்டார். பக்கத்து வயல் இராஜாங்கம் சம்பா அறுத்த கையோடு உளுந்துக்குப் பதில் மக்காச்சோளம் போட்டபோது, "கோழிக்குப் பயிர் வைக்கிறான்" என்று ஊரெல்லாம் சொன்னவர் அவர். தனக்குத் தேவையில்லாததைத் தியாகம் செய்வதில் மனிதர்கள் எப்போதும் தாராளம்தான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முப்பது வருடம் பால்வாடியில் வேலை பார்த்த ஆரோக்கியம், பார்வை தெளிந்ததும் கண்ணில் பட்டதையெல்லாம் படிக்க ஆரம்பித்தார். காலண்டர், மருந்துச் சீட்டு, உர மூட்டை. பிறகு கணவர் கையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்.

"என்னங்க, இதுல மக்காச்சோள ஸ்டார்ச்னு போட்டிருக்கு."

"எங்க?"

"பின்னால, பொடி எழுத்துல. நீங்க எதை விட்டிருக்கிறதா சொன்னீங்க?"

தோய்த்த பிஸ்கட் உடைந்து டம்ளருக்குள் விழுந்தது. சிங்கராயர் அதைப் பார்க்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே கை காட்டினார். "ஆரோக்கியம், வரப்புல கொக்கு எத்தனை நிக்குது, சொல்லு."

"ஆறு."

எண்ணிப் பார்த்தார். ஆறுதான். நேர்ச்சை உடைந்தால் கண் போய்விடும் என்ற எண்ணம் அதற்குள் அவரைப் பிடித்துவிட்டது. அன்று முதல் தினமும் காலையில் இந்தக் கொக்குச் சோதனை நடந்தது.

பிஸ்கட் போனது. தக்காளி சாஸ் போனது. இருமல் மிட்டாயாவது மிஞ்சும் என்று இராஜாங்கத்திடம் காட்டினார்.

"இதுல சோளம்னு எழுதல பாரு."

"லிக்விட் குளுக்கோஸ்னு எழுதியிருக்கே, அண்ணே. சோளத்துலேருந்துதான் அதை எடுக்கிறாங்க. கோழிக்குப் பயிர் வைக்கிறேன்னீங்க. நீங்களும் நம்ம வாடிக்கைதான் போலிருக்கே!"

"அப்ப முட்டை?"

"கோழி என்னத்தத் தின்னுச்சாம்?"

முட்டையையும் விட்டார். அதெல்லாம் வேண்டியதில்லை என்று பங்குச் சாமியார் சிரித்தார். "பிரஷர் மாத்திரையிலயும் அந்த மாவு இருக்கும், சிங்கராயரே. அதை நிறுத்தினீங்க, நேரா வீட்டுக்கே வந்துருவேன்" என்றார். மாத்திரை மட்டும் தப்பியது. மற்றபடி பழைய சோறு, மோர் மிளகாய், வாய்க்கால் கெண்டை. இதை நான் துறவு என்று சொல்லமாட்டேன். மாட்டிக்கொண்டார், அவ்வளவுதான்.

ஈஸ்டருக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு காலையில் ஆரோக்கியம் "மூணு" என்றார். வரப்பில் ஐந்து நின்றன.

"நல்லா பாரு."

"மூணுதாங்க."

சிங்கராயர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "நான் சாமிய ஏமாத்திட்டேன், ஆரோக்கியம். திங்காத ஒண்ணாப் பார்த்து அதை விட்டேன். உன் கண்ணுக்கு மீனை விட்டிருக்கணும்."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும். கண்ணுதான் மங்கலா இருந்துச்சு, புத்தி மங்கல. கொக்கு அஞ்சு. தினம் விடிஞ்சதும் ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையாட்டம் என்னை எண்ணச் சொன்னா, நான் வேற என்னங்க பண்றது?"

அவர் கோபப்படவில்லை. அதை மட்டும் பாராட்டலாம். எழுந்து போய், விடியலில் பிடித்து வந்திருந்த கெண்டையை அப்படியே இராஜாங்கம் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். இனி ஈஸ்டர் வரை இந்த வீட்டில் மீன் கிடையாது என்று அறிவித்தார். அன்று மதியம் ரசம் மட்டும்தான். ஆரோக்கியத்துக்கும் மீன் பிடிக்கும் என்பதை அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.