நடுத்தூண்

கோட்டையூரில் எங்கள் வீட்டுக்கு வரைபடம் போட்ட இன்ஜினியர் ஒல்லியான மனிதர். பதில் சொல்லுமுன் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்து வளைத்துப் பார்ப்பார்.

மேல்தளம் போட்டு முடிந்தபின் என் மனைவி, "நடுத்தூண் சாமி ரூமை மறைக்குது சார். எடுத்துருங்க" என்றாள்.

ஸ்கேல் வளைந்தது.

"லேசாச் சொல்லிட்டீக. தூணுக்கு மேல உத்திரம் மேப்பக்கம்தான் இழுபடும், அதான் கம்பியை அங்க கூட்டிக் கட்டியிருக்கேன். தூண் போனா அடிப்பக்கம் இழுபடும். அங்க கம்பி கம்மி."

"சாமிக்குக் குறுக்க நிக்குதே?"

"சாமியை நகத்திக்கலாம்மா. இதை நகத்த முடியாது."

சாமி ரூம் இடம் மாறியது.

பால் காய்ச்சிய அன்று வந்த இன்ஜினியர் சாமி ரூம் பக்கமே போகவில்லை. நடுத்தூணில் உள்ளங்கையை வைத்து, உத்திரத்தை அண்ணாந்து பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். சோதித்தாரா, கும்பிட்டாரா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.