மூன்று விசில் தாங்கிய தையல்

அறுத்த சிறுகுடலின் இரு முனைகளைச் சேர்த்துத் தைப்பது கேட்பதற்கு லேசாகத்தான் இருக்கும். இறுக்கித் தைத்தால் ரத்தம் போகாமல் விளிம்பு செத்துவிடும். தளர்த்தித் தைத்தால் ஒழுகும். நான் எப்படித் தைத்தாலும் ஒழுகும். அறுவைச் சிகிச்சைப் பயிற்சியில் சேர்ந்து ஒரு வருடமாகியும், மற்றவர்கள் தைக்கக் கொக்கியால் வயிற்றை இழுத்துப் பிடிப்பதுதான் என் வேலை. எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் தலைமை மருத்துவர் சொல்லிவிட்டார்: "திங்கக்கிழமை ஒழுகாத தையல் ஒண்ணு கொண்டு வா. இல்லன்னா வருஷம் முழுக்க கொக்கிதான்."

பாசாரில் வழக்கமான கறிக்கடையில் ஆட்டுக்குடல் வாங்கி, கழுவி, புக்கிட் பெருவாங்கிலுள்ள எங்கள் வீட்டில் சனிக்கிழமை முழுக்கத் தைத்தேன். ஆறு ஒழுகின. ஏழாவதில் தண்ணீர் ஏற்றினால் ஒரு சொட்டும் கசியவில்லை! ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, மறுநாள் காலை டூட்டிக்குப் போனேன்.

எங்கள் வீட்டு ஐஸ்கிரீம் டப்பாவில் ஐஸ்கிரீம் தவிர எல்லாம் இருக்கும். ஞாயிறு என்றால் கறி. இரண்டும் தெரிந்தே வைத்தேன் பாருங்கள், படித்த முட்டாள்.

மதியம் திரும்பினால், மேசையில் குடல் கறி; அப்பா வாயிலிருந்து குடல் துண்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் நீல நூல். அம்மா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுக் கறிக்கடை பாயைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார்.

"கிழிஞ்ச கொடலத் தைச்சு விக்கிறீங்களா பாய்?"

"எங்கடையில ஊசியே இல்ல லா, அக்கா!"

"அம்மா, அது நான் தைச்சது!" என்று கத்தினேன்.

அம்மா துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மன்னிச்சுக்குங்க பாய், நம்ம பிள்ள வேல. நல்லாத்தான் தைச்சிருக்கு, குக்கர்ல வெந்தும் பிரியல." அம்மா என் கைவேலையைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. வேறு தைக்கக் குடலும் இல்லை, நூலும் இல்லை. அதையே கழுவி எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை மருத்துவர் ஊசிக்குழாயால் தண்ணீர் ஏற்றினார். மறுமுனையில் மஞ்சளாக வந்தது. தையலில் கசிவு இல்லை. முகர்ந்து பார்த்தார். நடந்ததைச் சொன்னேன்.

"எத்தன விசில்?"

"மூணு, மேடம்."

ஓரத்திலிருந்த தடத்தைக் காட்டினார். "இது?"

"அப்பா பல்லு, மேடம்."

துண்டைத் தட்டில் வைத்தார்.

"என் பேஷண்ட் யாரையும் குக்கர்ல வைக்கப் போறதில்ல, கடிக்கவும் போறதில்ல," என்றார். "நாளைக்கு நீ தை."