இரண்டு முறை எழுதிய வரி

மதுராந்தகத்து மாமா ஒருவர் கல்யாண வீடுகளில் சொல்வார்: "பெருக்கறவனுக்குக் கண்ணு வேணும், துடைக்கிறவனுக்கு…" துடைக்கிறவனுக்கு என்ன வேண்டும் என்பது மறந்துவிட்டது. என் தொழில் இரண்டும் சேர்ந்தது. கணினியை ஆட்டிவைக்கும் அடிப்படை மென்பொருளான கர்னலுக்கும், திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டுக்கும் நடுவே நின்று பேசுகிற டிரைவர் என்ற நிரலில், பிறர் எழுதி வைத்ததைச் சுத்தம் செய்கிறேன். அடுத்தவர் பரணை ஒழித்துப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாடு புரியும்.

ஷேர் ஆட்டோவில்

வெளிநாட்டில் பல வருஷம் இருந்துவிட்டுக் கேளம்பாக்கத்துக்கு வந்த புதிது. என்ன வேலை என்று ஷேர் ஆட்டோக்காரர் கேட்டார். புதிதாக எதையும் சேர்க்க மாட்டேன், வேண்டாத வரிகளை எடுப்பேன், ஆனால் எல்லாம் முன்பு போலவே ஓட வேண்டும் என்றேன். ஒரு வேகத்தடை தாண்டும்வரை யோசித்தார்.

"அப்ப நீ வந்துட்டுப் போனதே யாருக்கும் தெரியக் கூடாது. திருட்டு வேலை மாதிரி கீதே சார்!"

சேகரின் ஃபைல்

சேகர் கல்பாக்கத்து நண்பன். தன் பழைய கிராபிக்ஸ் கார்டு ஓடவில்லை என்பதற்காக, ஓய்வு நேரத்தில் தானே அதற்கு டிரைவர் எழுதியவன். உலகமே பொதுவில் பயன்படுத்தும் கர்னலிலும் அது சேர்ந்துவிட்டது. அவன் பெயர் போட்டு வெளியுலகத்துக்குப் போனது அந்த ஒரே ஃபைல்தான்.

அதில் ஒரே உத்தரவு அடுத்தடுத்து இரண்டு முறை இருந்தது. காரணம் எழுதவில்லை. கை தவறி விழுந்தது என்று நினைத்தேன். கேட்டிருக்கலாம், ஆஸ்பத்திரியில் இருந்தான். பார்க்கப் போனபோதுகூட கிரிக்கெட் பேசிவிட்டு வந்தேன். இரண்டாவதை நீக்கி அனுப்பினேன். சேகர் இறந்த வாரத்தில், சரிபார்க்கும் சக ஊழியரிடமிருந்து பதில் வந்தது.

"ஒரு வரி குறைந்தது. நன்று."

பாபுவின் கடை

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் டி.டி.பி. கடை வைத்திருக்கும் பாபுவுக்குத்தான் சேகர் அந்தப் பழைய கார்டு இருந்த கம்ப்யூட்டரைக் கொடுத்திருந்தான். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி போஸ்டர் அடிக்க, சேகரின் மனைவி மல்லிகாவும் நானும் அங்கே போனோம். படத்தைக் கொடுத்துவிட்டு டீ குடித்து வருவதற்குள் திரை கறுத்துக் கிடந்தது. "காலைலதான் அப்டேட்டு போட்டேன் அண்ணாத்த. கொஞ்ச நேரம் தூங்க வுட்டா எழுந்துக்கவே மாட்டேங்குது" என்றான் பாபு.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தூக்கத்திலிருந்து எழும் கார்டு முதல் உத்தரவைக் காதில் வாங்காது, இரண்டாவதுக்குத்தான் எழும். சேகருக்கு அது தெரிந்திருக்கிறது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, இனி தூங்காதபடி செட்டிங்கை மாற்றி, எப்படியோ போஸ்டரை அடித்து முடித்தோம். தப்பு என்னுடையது என்று மல்லிகாவிடம் சொன்னேன். போஸ்டரைப் பார்த்தபடியே பேசினார்.

"அவருக்கு எல்லாமே ரெண்டு தடவைதாண்ணா. வீட்டைப் பூட்டிட்டுத் தெருமுனை வரைக்கும் வந்துட்டு, திரும்பிப் போய் பூட்டை இழுத்துப் பாப்பாரு. நான்தான் கத்துவேன்."

யாராவது இருக்கிறார்களா?

வரியைத் திரும்ப வைத்தேன், இம்முறை காரணத்தையும் எழுதி. சரிபார்ப்பவர் விடவில்லை. இவ்வளவு பழைய கார்டை இன்னும் யார் வைத்திருக்கிறார்கள், யாரும் இல்லையென்றால் ஃபைலையே எடுத்துவிடலாமே என்றார். ஒருவர் இருக்கிறார் என்று எழுதினேன். பாபுவை நம்பி எழுதினேன்.

அடுத்த மாதம் செங்கல்பட்டில் இறங்கியபோது அவன் மேஜையில் புது கம்ப்யூட்டர். பழையது எங்கே என்றேன்.

"மதர்போர்டு பூட்ச்சு அண்ணாத்த. சேகர் சாரோடதாச்சேன்னு ரெண்டு நாள் வெச்சிருந்து பாத்தேன். அப்பால இரும்புக் கடைல போட்டுட்டேன். வூட்லயும் எடமில்ல, இங்கயும் எடமில்ல."

யாரும் இல்லை என்று பதில் எழுதி, சேகரின் ஃபைலை நானே நீக்கி அனுப்பினேன்.