சாமி பேர்ல இருக்கிற சிட்டா

இன்னிக்கு ஸ்காலர்ஷிப் விஷயமா காலேஜ் ஆபீஸ்ல போய் நின்னேன். நாளைக்குத்தான் கடைசி நாள்.

"அப்பா விவசாயின்னு போட்டிருக்க. நிலத்தோட சிட்டா எங்க?"ன்னு கேட்டாங்க கவுன்ட்டர் மேடம்.

"கோயில் நிலம் மேடம். குத்தகைக்குத்தான் பயிர் பண்றோம். சிட்டா சாமி பேர்லதான் இருக்கும்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. பக்கத்து ரூம்ல மாணவர் உதவி மையம் இருக்கு, அங்க போய்ச் சொல்லு."

போனேன். ஆளே இல்ல. பூதலூர் பஸ்ஸையும் விட்டுட்டுக் காத்துக்கிடந்தேன்.

சாப்பாட்டு நேரம் முடிஞ்சு அதே மேடம் உள்ள வந்து, ஃபேனைப் போட்டுட்டு எதிர்ல உட்கார்ந்தாங்க. உதவி மையத்துக்கும் அவங்கதானாம்.

"சொல்லும்மா, என்ன பிரச்சினை?"

"ஆபீஸ்ல ஒரு மேடம் சிட்டா கேக்குறாங்க, மேடம்."

"அப்படியா? எழுதிக் குடும்மா, ஆபீஸுக்கு அனுப்புறேன்."

நாளைக்கு அவங்க எந்த நாற்காலியில இருப்பாங்கன்னு தெரிஞ்சவங்க கமெண்ட்ல சொல்லுங்க.