அறிக்கையில் எழுதாத பெயர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், மாம்பழத் தோலையும் ஓட்டல் கழிவையும் கொண்டு எரிவாயு தயாரிக்கும் ஆலையில் நான் மேற்பார்வையாளர். ஒரு நாள் காலை, கழிவைக் கரைக்கும் ஆழமான தொட்டியின் பம்பு அடைத்துக்கொண்டது. அடியில் முழங்கால் அளவுதான் கூழ் இருந்தது. இரண்டு நிமிட வேலை என்று நினைத்து ஏணியில் கால் வைத்தேன்.

கழிவிலிருந்து பிளாஸ்டிக் பொறுக்கும் கஸ்தூரி ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "எறங்காத சார்! மொதல்ல மீட்டர உட்டுப் பாரு."

"கையை எடும்மா! உனக்கு இன்னா தெரியும்?" என்று கத்தினேன்.

அவர் விடவில்லை. "நீதான சார் கிளாஸ்ல சொன்ன? உள்ள கேஸ் இருந்தா ரெண்டு மூச்சுல ஆளு காலின்னு!"

தொழிலாளர்களிடம் கையெழுத்து வாங்குவதற்காக மட்டும் நான் நடத்திய பாதுகாப்பு வகுப்பு அது. நச்சு வாயு இருந்தால் ஒலியெழுப்பும் மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். பாதி ஆழத்திலேயே அலறியது.

அன்றைய அறிக்கையில், 'இறங்குமுன் பரிசோதித்தேன், விபத்து தவிர்க்கப்பட்டது' என்று எழுதினேன்.

மறுநாள் கஸ்தூரி, "உடம்பு நல்லாக்கீதா சார்?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டிவிட்டு நகர்ந்தேன். அந்த அறிக்கையை இன்றுவரை நான் திருத்தவில்லை. அவர் பெயரை முதல் முறையாக இங்கேதான் எழுதுகிறேன்.